மின்சாரம் பிறந்த மலையில் இருண்ட கூரைகள்

ஹற்றனுக்கு ரயிலில் செல்வோர் வட்டவளையைக் கடந்ததும் றொசல்ல நிலையத்தைக் காண்பர். பத்திரிகைப் பணியின் பொருட்டு அவ்வழியே நான் பலமுறை சென்றிருக்கிறேன். 1970களின் இறுதியில் ஒருநாள் அங்கே ஒரு லயத்தில் இரவு தங்க நேர்ந்தது. குப்பிலாம்பின் புகையில் கண் எரிந்தது; கூரை ஒழுகியது. "ஒரு தகரம் மாற்றுவதென்றாலும் துரையிடம்தான் கேட்கவேண்டும் ஐயா" என்றார் வீட்டுக்காரர். அச்சொல்லை இன்றும் நான் மறக்கவில்லை.

இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்தது இதே மலைநாட்டில்தான். களனி கங்கையின் கிளையாறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்கம்பிகள் தேயிலை மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றன. லயக் காம்பராக்களில் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் இருளிலேயே கிடந்தன.

காலம் மாறியது. 2016இல் அரசு கூரைமேல் சூரியமின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம் வரிச்சலுகையும் தந்தது. தம் வளவில் சூரியத் தகடு பொருத்தித் தேசிய மின்வலையுடன் இணைப்பவர், அச்செலவில் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நல்ல நோக்கந்தான். ஆனால் பயன் யாருக்கு?

கணக்கைப் பாருங்கள். அன்று உச்ச வரிவிகிதம் 18 வீதம். அவ்வரி செலுத்தியவருக்கு 1,08,000 ரூபா வரை மிச்சம். ஆண்டுக்கு 30 இலட்சம் வரையான வருமானத்திற்கோ அன்று வரியே இருக்கவில்லை. அதே 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. முந்நூறு நாள் உழைத்தாலும் 3 இலட்சம். வரி கட்டாதவருக்கு வரிச்சலுகையால் ஆவதென்ன?

அதைவிடப் பெரிய தடை கூரை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர், லயம் குடியிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை. 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கும் பணி தொடங்கியது. இந்தியா 4,000 வீடுகளுக்கு உதவியது; 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆயினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர்.

வீட்டைச் செப்பனிடச் சலுகை தரும் சட்டம், வீடு உடையவனையே தேடிச் செல்லும். மலையகத்தாருக்கு முதலில் வேண்டியது காணி உறுதி. அடுத்து வரிக்கழிவன்று, நேரடி மானியம். தன் கூரையில் ஒரு தகரத்தை மாற்ற எவரிடமும் கேட்கத் தேவையில்லாத நாள் வந்தபின்னரே, அதன்மேல் சூரியத் தகடு வைப்பது குறித்து அவனிடம் பேச நமக்கு உரிமை உண்டு.