பட்டைக்குள் ஒரு மில்லிமீட்டர்

ஈப்போவுக்கு வடமேற்கே, கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தருகே வேலியிட்டுக் காக்கப்படும் ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அதுதான் என்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வாரிசு அது.

விதை வந்துவிட்டது. ஆனால் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுப்பது எப்படி? அமேசான் காடுகளில் சிறு கோடரியால் கொத்தினார்கள். கொத்து ஆழமாக விழுந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கிப்போகும். அங்கே மறுபடி வெட்ட முடியாது.

விடை தண்டின் அமைப்பில் இருந்தது. வெளியே சொரசொரப்பான தக்கை, அதற்குள் மென்மையான உட்பட்டை, அதற்கும் உள்ளே கட்டை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு. புதுப் பட்டையை உண்டாக்குவது இதுதான். பால்குழாய்கள் உட்பட்டையில் அடுக்கடுக்கான வளையங்களாக, கேம்பியத்தை நெருங்க நெருங்க அதிகமாக இருக்கின்றன. பால் வேண்டுமானால் கேம்பியத்தின் வாசல்வரை போகவேண்டும். உள்ளே கால் வைக்கக்கூடாது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, 1890-களில் ஒரே வெட்டை மெல்ல மெல்லச் சீவித் திறக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடச்சொல்லி விடாமல் நச்சரித்ததால் தோட்டக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள்! பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடமேலிருந்து வலக்கீழாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இந்தத் தாவரவியலைப் புத்தகம் படிக்காமலே கையில் வைத்திருந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு நெற்றி விளக்கோடு தன் பங்கு மரங்கள் நிற்கும் நிரைக்கு நடை. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நெடுநேரம் வடியும். முந்தைய வெட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உரித்து, உளியால் ஒரு சீவல், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து அடுத்த மரம். கட்டையில் காயம் பட்டால் கங்காணியிடம் ஏச்சு. இந்த வேலையை வெறும் கூலி வேலை என்று எழுதிய வரலாறுகள் பாதிதான் சொல்லியிருக்கின்றன.

1960-களிலிருந்து தோட்டங்கள் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறின. அது வேறு வகைத் தண்டு. கேம்பியம் கிடையாது, உரிக்கப் பட்டையும் கிடையாது. நார்க்கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கும். வருமானம் உச்சியில் விளையும் குலையில். பால் வெட்டும் உளிக்கு அங்கே வேலையில்லை. நீண்ட கழியில் கட்டிய அரிவாள் வந்தது.

பால் ஓய்ந்த ரப்பர்க் கட்டை இன்று மேசை, நாற்காலியாகிறது. மறுநடவின்போது சாய்க்கும் செம்பனைத் தண்டையோ பெரும்பாலும் துண்டுதுண்டாக நறுக்கி மண்ணிலேயே மக்கவிடுகிறார்கள்.