தானே உண்ணும் குழந்தை: திட உணவுப் பழக்கத்தின் வரலாறு

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் கூழாக்கி ஊட்டாமல், விரலால் பிடிக்கக்கூடிய திட உணவை முன்வைத்து, அதையே எடுத்து உண்ணவிடும் முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. பலரும் இதைப் புதுமை என்று எண்ணுகின்றனர். ஆனால் குழந்தை தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ளுமா என்னும் கேள்வி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஆராயப்பட்டது.

அக்காலத்து அமெரிக்க மருத்துவர்கள் குழந்தை உணவை நேரமும் அளவும் குறித்து விதித்தனர். லூதர் எம்மெட் ஹோல்ட் 1894 இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் இக்கண்டிப்புக்குப் பெயர் பெற்றது. 1920 களில் "குழந்தை சாப்பிட மறுக்கிறது" என்ற முறையீட்டோடு பெற்றோர் பலர் மருத்துவர்களிடம் வந்துகொண்டிருந்தனர்.

இந்நிலையில் கிளாரா டேவிஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1926 இல் கிளீவ்லாந்து நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அது சிகாகோவில் தொடர்ந்தது. 6 முதல் 11 மாத வயதில் பால் மறந்த 15 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். பழம், காய், தானியம், இறைச்சி, மீன், பால், உப்பு என 34 வகைகள் தனித்தனிக் கிண்ணங்களில் வைக்கப்பட்டன. செவிலியர் கரண்டியுடன் அசையாமல் அமர்ந்திருப்பார். குழந்தை கைநீட்டினால்தான் ஊட்டுவார். குழந்தை கையால் அள்ளி உண்டாலும் தடையில்லை. முதல் நாள்களில் சில குழந்தைகள் தட்டின் விளிம்பையும் காகிதத்தையும்கூட மென்று பார்த்தன! எலும்புருக்கம் (ரிக்கெட்ஸ்) கொண்ட ஒரு குழந்தை, அருகில் வைக்கப்பட்ட மீன் எண்ணெயை நோய் குணமாகும்வரை விரும்பிக் குடித்து, பிறகு விட்டுவிட்டது. 1939 இல் வெளியான முடிவுகளின்படி எல்லாக் குழந்தைகளும் நன்கு வளர்ந்தன.

குழந்தைக்குத் தேவையானது எதுவென்று அதன் உடலுக்கே தெரியும் என்று பலர் இதிலிருந்து முடிவுகட்டினர். டேவிஸ் அவ்வாறு சொல்லவில்லை. 34 வகைகளையும் தேர்ந்தெடுத்தவர் அவரே. அவற்றில் சர்க்கரையோ தீட்டிய மாவோ இல்லை. உணவுகள் நறுக்கியோ மசித்தோ அரைத்தோ தரப்பட்டன. ஆய்வின் சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே எழுதினார். பதப்படுத்திய உணவுகளைக் கொண்டு அடுத்த ஆய்வு செய்யவும் அவர் விரும்பினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் பணம் வற்றியதால் அது நடக்கவில்லை. எது தட்டில் வரவேண்டும் என்பது பெரியவர் பொறுப்பு; எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. இப்பிரிவினையின் முதற்பாதியையே பின்வந்தோர் பலர் மறந்தனர்.

2001 இல் உலக நலவாழ்வு நிறுவனம், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. நான்கு மாதக் குழந்தைக்குக் கூழ் தேவைப்பட்டது உண்மை. ஆறு மாதக் குழந்தையோ தாங்கலுடன் நிமிர்ந்து உட்காரும். பொருளைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோகும். அப்படியானால் கூழ் எதற்கு என்று கேட்டவர் இங்கிலாந்தில் சுகாதாரச் செவிலியராக இருந்த ஜில் ராப்லி. 2008 இல் டிரேசி மர்கெட்டுடன் இணைந்து அவர் எழுதிய நூலால் இம்முறை புகழ்பெற்றது.

உடனே எழுந்த அச்சம் மூச்சடைப்பு. இங்கு ஒரு வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. குழந்தை ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், உணவு வெளியே தள்ளப்படும். இது இயல்பான தற்காப்பு. மூச்சு அடைபடும்போதோ சத்தமே வராமல் போகலாம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 206 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016 இல் வெளியானது. தானே உண்ணும் குழந்தைகளின் பெற்றோருக்குப் பாதுகாப்பு அறிவுரை வழங்கப்பட்டிருந்தது. மூச்சடைப்பில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் கவலைக்குரிய செய்தி வேறு: 12 மாத வயதில் 94 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு, எந்தப் பிரிவாயினும், தொண்டையில் சிக்கக்கூடிய உணவு தரப்பட்டிருந்தது.

முழுத் திராட்சை, முழுக் கடலை, பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டு ஆகியவை அத்தகையன. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்கவேண்டும். கேரட்டை இரு விரலால் நசுங்கும்வரை வேகவைத்து, குழந்தையின் கைப்பிடிக்கு வெளியே சற்று நீளும் அளவில் தரவேண்டும். சாய்ந்து படுத்த நிலையில் எதையும் தரக்கூடாது. உண்ணும்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கவேண்டும். மூச்சு அடைபட்டால், தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்துத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டவேண்டும். உணவு வெளிவராவிடில் மல்லாத்தி நெஞ்சில் 5 முறை அழுத்தி, உதவி வரும்வரை மாறிமாறித் தொடரவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத உணவை வாயில் விரலைவிட்டுத் துழாவுவதும் ஆபத்து.