காற்று விழுந்த படகும் கயிறு பிடித்த கரையும்

திருப்பாலைவனத்தில், பாலை மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட பாலீசுவரரைத் தரிசித்துவிட்டுச் சில கல் தொலைவு கிழக்கே சென்றால், வடதெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியை அடையலாம். ஒல்லாந்தர் 1613-இல் அங்கே எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள்; பட்டணத்துக்கு விறகும் உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் கொண்டு சென்ற படகுக்காரர்களோ சரித்திர ஆசிரியர்களின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. பாதி வழியில் காற்று விழுந்துவிட்டால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இங்கே விசாரிக்க வேண்டிய விஷயம்.

பாசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வர்த்தகர் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டுவித்த கால்வாய், பின்னர் பழவேற்காடு ஏரிவரை நீண்டது; 1837-இல் அரசாங்கத்தின் வசமாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் பசித்து வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டச் செய்த காலத்தில் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்துவிட்டது. வெட்டியவர்கள் பெயர் எந்த நீர்வழிக்குத்தான் வைக்கப்பட்டது?

பாய்க்குக் காற்று கிடைத்தமட்டும் பிரயாணம் சுகமே. காற்று ஓய்ந்தாலும், எதிர்த்து அடித்தாலும், இரண்டொருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கயிற்றின் மறுமுனையைப் பாய்மரத்தில் உயரக் கட்டினால்தான் கரையோரப் புதரில் அது சிக்காது. இழுப்பின் வேகத்தில் படகின் முகப்பு கரையை நோக்கியே சாய்ந்துகொண்டிருக்குமாதலால், சுக்கான் பிடித்தவன் விடாமல் அதை நடுநீருக்குத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டில், தென்திசைக் கால்வாயில் இவ்வாறு தோணி இழுத்த உழைப்பாளிகளின் சிரமத்தைக் கண்டு மனம் வருந்துகிறார். சுகமாகச் சாய்ந்திருந்த பிரயாணிகளில் அவ்வாறு கண்டவர் வேறு எத்தனை பேரோ!

ஏரிக்குள் கயிற்று உபாயம் செல்லாது. பிடித்து நடக்கக் கரை ஏது? ஆனால் பெரும்பகுதி ஆழம் குறைந்த நீராகையால், நெடுங்கழியை முகப்பில் நின்று சேற்றில் ஊன்றி, தோளைக் கொடுத்து, படகின் விளிம்போடு பின்புறம்வரை நடந்து, கழியைப் பிடுங்கிக்கொண்டு மீண்டும் முன்னே வருவார்கள். கோடையில் நீர் வற்றிய இடங்களில் கழியும் வேண்டியதில்லை; இறங்கித் தள்ளுவதுதான்.

இந்தச் செய்திகள் இக்காலத்து மின்சாரக் கார்க்காரர்களின் கவலையைக் கேட்கும்போது நினைவுக்கு வருகின்றன. 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா என்னும் சிறு கார், முழு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். அந்தக் கணக்கின்படி சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போய்ச் சேரலாம், அன்றே அப்படியே திரும்ப முடியாது. இன்றைய கார்கள் அதைப்போல் பல மடங்கு தூரம் ஓடுகின்றன. எனினும் சார்ஜ் தீர்ந்தால் நிற்பது நிற்பதுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்களுக்காவது, உலையில் கரியைப் போட்டு ஊதிவிட்டால் மறுபடி உயிர் வந்தது. மின்கலத்தை ஊத முடியாது. ஆயினும் குறையை வண்டியின்மீது மட்டும் போடுவது நியாயமாகத் தோன்றவில்லை: காற்று விழும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டுதான் கால்வாயின் ஓரத்தில் நடைகரையை வைத்தார்கள், நம்முடைய நெடுஞ்சாலைகளோ பெட்ரோல் பங்கை நம்பியே வளர்ந்தவை.

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்ட பிறகு கால்வாய் மெலிந்தது. 1960-களிலும் 1976-இலும் வீசிய புயல்கள் எஞ்சியதையும் சீர்குலைத்தன. 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்கள் சென்னை நகருக்குள் கால்வாயின் நடுவிலேயே ஊன்றப்பெற்றன. 2008-இல் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக இக்கால்வாயைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அறிவிப்பை நம்பிப் பழவேற்காட்டுப் படகு ஒன்று மயிலாப்பூர்வரை வந்தாலும், கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து நடக்க அங்கே கரை இல்லை.