கட்டாயச் சேவையும் கோப்பைகளும்: மாஸ்கோ சிஎஸ்கேஏ ஐஸ் ஹாக்கி கிளப்பின் வரலாறு

மாஸ்கோவின் சிஎஸ்கேஏ ஐஸ் ஹாக்கி கிளப் சோவியத் ராணுவத்தின் மைய விளையாட்டு அமைப்பில் 1946இல் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று தொடங்கிய முதல் சோவியத் சாம்பியன்ஷிப்பில் களமிறங்கிய 12 அணிகளில் அதுவும் ஒன்று. அப்போது அதன் பெயர் சிடிகேஏ. செஞ்சேனையின் மைய இல்லம் என்று பொருள். ராணுவ நிர்வாகம் மாற மாறப் பெயரும் மாறி, 1960இல்தான் இன்றைய பெயர் நிலைத்தது. வசதிக்காக இக்கட்டுரை எல்லாக் காலத்துக்கும் அந்தப் பெயரையே ஆள்கிறது. 1992இல் முடிவுக்கு வந்த 46 சோவியத் பருவங்களில் 32இல் பட்டம் வென்றது இந்த ஒரே அணிதான். வேறெந்தப் பெரிய ஹாக்கி நாட்டிலும் ஒரு கிளப் இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு முழுமையாகக் கோலோச்சியதில்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிது: நல்ல வீரன் எங்கே முளைத்தாலும் ராணுவம் அவனைக் கட்டாயச் சேவைக்கு அழைத்துத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. இது பொய்யல்ல. ஆனால் பாதி விளக்கம்தான்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ரஷ்யர்கள் ஆடியது வேறு ஹாக்கி. கால்பந்துத் திடல் அளவுள்ள பனித்தளத்தில், பக்கத்துக்குப் பதினொருவராக, சிறு பந்தை அடித்து ஆடும் ஆட்டம் அது. ரப்பர் வட்டான பக்கைக் கொண்டு ஆடும் ‘கனடிய ஹாக்கி’ 1946இல் மேலிருந்து வந்த முடிவால் வேரூன்றியது. ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்தது அதுதான். தொடக்ககால வீரர்களில் பலர் கோடையில் கால்பந்தும் குளிர்காலத்தில் ஹாக்கியும் ஆடியவர்கள். சிஎஸ்கேஏவின் முதல் நாயகன் விசெவலாத் பப்ரோஃப் இரண்டிலும் நட்சத்திரம். முதல் பட்டத்தை டைனமோ மாஸ்கோ வென்றது. 1947இல் அனத்தோலி தராஸோஃப் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சிஎஸ்கேஏவுக்கு வந்தார். 1948, 1949, 1950 என மூன்று பட்டங்கள் தொடர்ந்து வந்தன.

செயற்கைப் பனித்தளம் அன்று கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். குளம் உறையும்வரை ஹாக்கி கிடையாது. தராஸோஃப் இந்தக் குறையைப் பயிற்சி முறையாகவே மாற்றிவிட்டார். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வீரர்கள் தரையில் ஓடினார்கள், எடை தூக்கினார்கள், ஒருவரையொருவர் முதுகில் சுமந்தார்கள், குட்டிக்கரணம் போட்டார்கள். பனித்தளம் கிடைத்த பிறகும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. கனடியர்களைப் பார்த்துப் படியெடுப்பதை அவர் வெறுத்தார். அவர்களிடம் இல்லாத ஒன்றால்தான் அவர்களை வெல்ல முடியும் என்பது அவர் கட்சி. வேகமும் இடைவிடாத பாஸும் அப்படித்தான் சோவியத் ஹாக்கியின் அடையாளமாயின.

சிஎஸ்கேஏவின் நீண்ட ஆட்சிக்கு முன்பே, ராணுவ அதிகாரத்தால் அணி சேர்க்கும் வித்தையை வேறொருவர் செய்துகாட்டியிருந்தார். ஸ்டாலினின் மகன் வசீலி, மாஸ்கோ ராணுவ மாவட்ட விமானப்படையின் தளபதியாக இருந்தபோது, விவிஎஸ் என்ற அணியைத் தன் செல்லப்பிள்ளையாக வளர்த்தார். பப்ரோஃபையும் அதில் சேர்த்தார். 1950 ஜனவரியில் அந்த அணியை ஏற்றிச் சென்ற விமானம் ஸ்வெர்த்லோஃப்ஸ்க் அருகே நொறுங்கி 11 வீரர்கள் மாண்டனர்; பப்ரோஃப் அந்த விமானத்தைத் தவறவிட்டதால் பிழைத்தார். புதிதாகத் திரட்டிய ஆட்களுடன் விவிஎஸ் 1951, 1952, 1953 பட்டங்களை வென்றது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். சில வாரங்களில் மகன் சிறைக்குப் போனார், அணி கலைக்கப்பட்டது, சிறந்த ஆட்டக்காரர்கள் சிஎஸ்கேஏவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மனிதரின் செல்வாக்கில் நின்ற அணி அவரோடு விழுந்தது. நிறுவனத்தில் நின்ற அணி அதன் மிச்சத்தையும் உண்டு வளர்ந்தது.

கட்டாயச் சேவை இயங்கிய விதம் இது. பதினெட்டு வயது நிறைந்த சோவியத் ஆண்மகன் ராணுவத்தில் பணியாற்றியாக வேண்டும். விளையாட்டு வீரனுக்கு அந்தப் பணி விளையாட்டாகவே இருக்கலாம். சேவைக்காலம் முடிந்ததும் அதிகாரிப் பதவி, மாஸ்கோவில் வீடு, நல்ல சம்பளம் ஆகியவை காத்திருக்கும். அதிகாரியாகக் கையெழுத்திட்டவன் ராணுவம் விடுவித்தால் ஒழிய வெளியேற முடியாது. காகிதத்தில் இவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள். ஒலிம்பிக் விதிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் இந்த வசதி சிஎஸ்கேஏவுக்கு மட்டும் வாய்த்ததல்ல. டைனமோ மாஸ்கோ உள்துறை, பாதுகாப்புத் துறைகளின் அணி. அதில் ஆடுவதும் சேவையாகவே கணக்கிடப்பட்டது. லெனின்கிராதின் எஸ்கேஏ முழுக்க ராணுவ அணி. ஆயினும் டைனமோ 1954க்குப் பிறகு 1990 வரை ஒரு பட்டமும் பெறவில்லை. எஸ்கேஏ சோவியத் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. மறுபக்கம், 1955 முதல் 1989 வரையான 35 பருவங்களில் சிஎஸ்கேஏ பட்டத்தை இழந்தது ஆறு முறை மட்டுமே. 1957, 1974 ஆகியவற்றில் கிரீல்யா சவேத்தோஃபும், 1962, 1967, 1969, 1976 ஆகியவற்றில் ஸ்பார்த்தக்கும் வென்றன. இரண்டும் தொழிற்சங்க ஆதரவில் நின்ற அணிகள். யாரையும் படைக்கு அழைக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. கட்டாயச் சேவைதான் முழு விளக்கம் என்றால் இந்தப் பட்டியல் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1967இல் ஸ்பார்த்தக்கின் பயிற்சியாளர் பப்ரோஃப். 1974இல் கிரீல்யாவின் பயிற்சியாளர், முன்பு தராஸோஃபின் உதவியாளராக இருந்த பரீஸ் குலாகின். அவ்விரு முறையும் சிஎஸ்கேஏவைத் தோற்கடித்தது அதன் சொந்தப் படிப்பே.

அணியின் புகழ்பெற்ற இரு ஆட்டக் குழுக்களைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். எழுபதுகளின் முன்வரிசை மிஹாய்லஃப், பெத்ரோஃப், ஹர்லாமஃப். முதலாமவர் லகமத்தீஃப் மாஸ்கோவிலிருந்தும், இரண்டாமவர் கிரீல்யாவிலிருந்தும் வந்தவர்கள். மூன்றாமவர் கிளப்பின் சிறுவர் பள்ளியில் வளர்ந்தவர். எண்பதுகளின் ஐவரில் பிற்காப்பாளர் ஃபெத்தீஸஃபும் முன்வரிசைக்காரர் குருத்தோஃபும் அதே பள்ளியின் பிள்ளைகள். கஸத்தோனஃப் லெனின்கிராதிலிருந்தும், மக்காரஃப் செல்யாபின்ஸ்கின் த்ராக்தர் அணியிலிருந்தும், லரியோனஃப் 1981இல் ரசாயனத் தொழில் நகரமான வஸ்க்ரெஸேன்ஸ்கின் ஹிமீக்கிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். பள்ளி ஒரு கை, படையழைப்பு மறு கை. இரண்டும் சேர்ந்தே பின்னின.

மாவட்ட ராணுவ அணிகள் போட்டியாளர்களாக அல்ல, நாற்றங்காலாகவே நடத்தப்பட்டன. ஹர்லாமஃபின் கதை இதற்குச் சான்று. உயரம் போதாது என்று ஐயப்பட்ட தராஸோஃப் 1967இல் அவரை யூரல் பகுதியிலுள்ள செபர்குல் என்ற ராணுவக் குடியிருப்பின் அணிக்கு அனுப்பினார். உடன் சென்றவர் பிற்காப்பாளர் கூஸெஃப். கீழடுக்கு லீக், சிற்றூர், கடுங்குளிர். ஹர்லாமஃப் அங்கே கோல்களாகக் குவித்து, அடுத்த வசந்தத்துக்குள் மாஸ்கோவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். எஸ்கேஏ லெனின்கிராத் ஏன் சாம்பியன் ஆகவில்லை என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது: ராணுவத்துக்குத் தேவைப்பட்டது ஒரு சாம்பியன் அணி, இரண்டல்ல.

தராஸோஃப் அரசை அண்டி வாழ்ந்தாலும் அதற்கு அடங்கியவர் அல்லர். 1969 மே 11 அன்று பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஸ்பார்த்தக் முன்னிலையில் இருந்தபோது பெத்ரோஃப் ஒரு கோல் அடித்தார். மூன்றாம் பகுதியின் நடுவில் இரு அணிகளும் பக்கம் மாறும் வழக்கம் அன்று இருந்தது. அதற்கான நேரம் கோலுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று நடுவர்கள் கோலை மறுத்தார்கள். அரங்கின் பெரிய கடிகாரமும் நடுவர் மேசைக் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. தராஸோஃப் அணியை உடை மாற்றும் அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மேலே மாடத்தில் பிரெஷ்னெஃப் அமர்ந்திருந்தார். அரை மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. கட்சித் தலைவரைக் காக்கவைத்த குற்றம் கோலைவிடப் பெரிது. அவருடைய கௌரவப் பயிற்சியாளர் பட்டம் பறிக்கப்பட்டது. ஸ்பார்த்தக் 3-1 என வென்று சாம்பியன் ஆனது. பறித்த பட்டத்தைச் சில மாதங்களில் திருப்பிக் கொடுத்தார்கள். அவரை விட்டால் ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கிளப் என்ற முறையில் சிஎஸ்கேஏ உலகுக்கு அறிமுகமானது 1975-76 குளிர்கால வட அமெரிக்கப் பயணத்தில். தராஸோஃபின் பழைய சீடர் கன்ஸ்தந்தீன் லோக்தெஃப் அப்போது பயிற்சியாளர். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 7-3 எனத் தோற்றது. டிசம்பர் 31 இரவு மான்ட்ரியால் கனேடியன்ஸ் எதிரணி. அந்த ஆட்டத்தின் சிறப்பு கோல் கணக்கில் இல்லை. மான்ட்ரியால் 38 முறை கோலை நோக்கி அடித்தது. சிஎஸ்கேஏ 13 முறை மட்டுமே. ஆட்டம் 3-3. அந்த இடைவெளியை நிரப்பியவர் கோல்காப்பாளர் விளதிஸ்லாஃப் த்ரெத்தியாக். பாஸ்டன் 5-2 என வீழ்ந்தது. கடைசியாக முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன பிலடெல்பியா ஃப்ளையர்ஸ். ஹர்லாமஃப் இடித்துச் சாய்க்கப்பட்டபோது நடுவர் தண்டிக்கவில்லை என்று லோக்தெஃப் அணியை வெளியே அழைத்துச் சென்றார். வெளிநடப்பு இந்த கிளப்பில் பரம்பரை வழக்கம் போலும். பணம் கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்ட பின் அணி திரும்பி வந்து 4-1 எனத் தோற்றது.

1977இல் ரிகாவிலிருந்து விக்தர் தீஹனஃப் வந்தார். அவர் கையில் சிஎஸ்கேஏவும் தேசிய அணியும் ஒன்றாக ஒப்படைக்கப்பட்டன. இந்த வேறுபாடு பலரும் நினைப்பதைவிடப் பெரியது. அறுபதுகளில் தேசிய அணியின் தலைமை டைனமோவின் அர்காதி செர்னிஷோஃபிடம் இருந்தது. தராஸோஃப் அவருக்கு அடுத்த நிலையில் நின்றார். இரு கிளப்புகளுக்கும் இடையே ஒரு சமநிலை தானாகவே அமைந்தது. தீஹனஃப் காலத்தில் அது போயிற்று. தேசிய அணியின் முதல் ஐவரும் ஆண்டு முழுதும் ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடினால் நாட்டுக்கு நல்லது என்ற வாதமே கொள்கையாயிற்று. நான்கு வரிசைகளையும் மாற்றி மாற்றி இறக்கி, ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை வேகம் குறையாமல் வைத்திருந்தார் தீஹனஃப். அதுவரை ஆறு முறை நழுவிய பட்டம் அவர் பொறுப்பில் 1978 முதல் 1989 வரை 12 முறை தொடர்ந்து சிஎஸ்கேஏவிடமே இருந்தது. படையழைப்புச் சட்டம் முன்பும் பின்பும் அதேதான். மாறியது அதிகாரக் குவிப்பு.

அந்தக் குவிப்பின் விலையை வீரர்கள் கொடுத்தார்கள். மாஸ்கோவுக்கு வெளியே அர்ஹங்கெல்ஸ்கயேயில் இருந்த பயிற்சித் தளத்தில் திருமணமானவர்களும் ஆண்டின் பெரும்பகுதியை அடைபட்டுக் கழித்தார்கள். வீட்டில் தங்கிப் பயிற்சிக்கு வர அனுமதி கிடைக்காத த்ரெத்தியாக் 1984இல், 32 வயதில், ஓய்வு பெற்றார். 1988 அக்டோபரில் லரியோனஃப் ‘அகன்யோக்’ வார இதழில் தீஹனஃபுக்குத் திறந்த மடல் எழுதினார். வெளியேற அனுமதி கேட்ட ஃபெத்தீஸஃப் அணியிலிருந்தே ஒதுக்கப்பட்டார். 1989 உலகப் போட்டிக்கு முன் சக வீரர்கள் அவருக்காகத் தொலைக்காட்சியில் பேசினார்கள். அப்போட்டி முடிந்த கையோடு இருபது வயது அலெக்ஸாந்தர் மகீல்னி ஸ்டாக்ஹோமிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பினார். அந்தக் கோடையில் ஃபெத்தீஸஃப் நியூ ஜெர்ஸிக்கும், லரியோனஃபும் குருத்தோஃபும் வான்கூவருக்கும், மக்காரஃப் கால்கரிக்கும் அனுமதியோடு போனார்கள். 1990இல் ஸெர்கெய் ஃபியோதரஃபும், 1991இல் பவேல் பூரேயும் சென்றனர். 1990 பட்டம் டைனமோவுக்கு. சோவியத் ஒன்றியம் கலைவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே சிஎஸ்கேஏவின் ஆட்சி முடிந்துவிட்டது. பணமில்லாமல் விழுந்த அணி என்பது பின்னாள் கதை. முதலில் விழுந்தது வெளியேறும் கதவுக்குப் போட்டிருந்த பூட்டு.

வறுமை அதன் பிறகு வந்தது. 1993இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸின் உரிமையாளர்கள் கிளப்பில் பங்கு வாங்கினார்கள். செந்நட்சத்திர அணி ‘ரஷ்யப் பெங்குவின்கள்’ ஆயிற்று. இலவச பீர், கரடி வித்தை, இடைவேளைக் கேளிக்கை என அமெரிக்கர்கள் செய்த விளம்பரத்தால் வெறிச்சோடிய அரங்கு சிறிது காலம் நிரம்பியது. கூட்டு நீடிக்கவில்லை. 1996இல் ராணுவ நிர்வாகத்துக்கும் தீஹனஃபுக்கும் மூண்ட பூசலில் கிளப் இரண்டாக உடைந்தது. ஒரே மரபைச் சொந்தம் கொண்டாடிய இரு அணிகளும் 2002இல்தான் மீண்டும் ஒன்றாயின.

2008இல் கேஎச்எல் லீக் பிறந்தது. அதன் வெற்றிக் கோப்பைக்குக் காகரினின் பெயர். அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் சில ஆண்டுகளில் சிஎஸ்கேஏவின் புரவலரானது. படையழைப்பு முன்பு செய்ததை இப்போது சம்பளம் செய்தது. ஆனால் பணமும் உடனே பட்டமாகவில்லை. 2016 இறுதியில் மெத்தலூர்க் மக்னித்தகோர்ஸ்கிடமும், 2018இல் அக் பார்ஸிடமும் அணி தோற்றது. 2019இல் ஈகர் நிக்கீத்தின் பயிற்சியில் அவன்கார்தை 4-0 என வீழ்த்தி முதல் காகரின் கோப்பையைப் பெற்றது. 2020இல் லீக் 90 கோடி ரூபிள் சம்பள வரம்பை விதித்தது. அதற்குள் அடங்கியே 2022, 2023 கோப்பைகளும் வந்தன. அவ்விரு முறையும் பயிற்சியாளராக நின்றவர் 1990இல் இதே கிளப்பிலிருந்து தப்பிச் சென்ற ஃபியோதரஃப்.

2022 கோப்பையை வென்ற அணியின் கோல்காப்பாளர் இவான் ஃபெதோதஃப் அந்தக் கோடையில் பிலடெல்பியா ஃப்ளையர்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜூலை 1 அன்று, ராணுவச் சேவையைத் தட்டிக்கழித்தார் என்ற சந்தேகத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிடித்து நிறுத்தப்பட்டு வடக்கிலுள்ள கடற்படைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டுச் சேவை முடித்துத் திரும்பியவர் சிஎஸ்கேஏவுடன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிலடெல்பியா ஒப்பந்தமே செல்லும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு தீர்ப்பளித்த பிறகும் 2023-24 பருவத்தை அவர் மாஸ்கோவிலேயே ஆடினார். 2024 மார்ச் இறுதியில் கிளப் அவரை விடுவித்தது. சில நாள்களில் அவர் பிலடெல்பியாவுக்காகக் களமிறங்கினார்.