சைக்கிளை விட்டு இறங்காமல்

மேலாளரிடம் குறை சொல்லப் போகிறவர் கோபத்தை அடக்கினால் மட்டும் போதாது. அதன் காரணத்தைப் பிரித்துச் சொல்லவும் தெரிய வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் அதைச் செய்தார்கள்.

சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை மாற்றித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள்! குடியால் கெட்ட குடும்பங்கள் அவர்களுடையவைதாமே.

தோட்டப் பள்ளியில் நாங்கள் இதைச் சொல்லும்போது, சைக்கிள் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இறங்கி நின்றவருக்கு அது சிரிப்பாக இல்லை. எத்தனையோ நாள் நெஞ்சில் வைத்திருந்த அவமானத்தை வசையாகக் கொட்டாமல், பெயர் சொல்லிக் கோரிக்கையாக வைத்தார்கள். “இனி இறங்க வேண்டாம்” என்று சொல்லத் துரைக்கு ஒரு காசும் செலவாகியிராது.

தோட்ட நிர்வாகங்களோ இதில் கலகத்தையே கண்டன. மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது, படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.