பாலையில் ஒரு தாமரைக் குளம்

பாலை என்ற சொல் நம் கவிதையில் மிகவும் மலிந்துவிட்டது. மனசு வறண்டால் பாலை, நகரம் சலித்தால் பாலை, கடிதம் வராவிட்டாலும் பாலை. எழுதுகிறவனுக்குக் கையெட்டும் தூரத்தில் தண்ணீர்ப் பானை இருக்கிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது. காலால் கடக்க வேண்டிய ஸ்தூலமான வழி. அதன் ஒரு பகுதி இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடக்கிறது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், உறையூரைவிட்டுத் தெற்கே வந்த கோவலன் மாங்காட்டு மறையவன் ஒருவனிடம் மதுரைக்கு வழி கேட்கிறான். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்தை நாம் வகுப்பில் இலக்கணமாக உருப்போட்டிருக்கிறோம். காப்பியத்தில் அது இலக்கணமாக வரவில்லை. வழி கேட்டவனுக்கு வழி தெரிந்தவன் தந்த எச்சரிக்கையாக வருகிறது. இதைக் கடந்து கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையவன். கொடும்பை என்பது விராலிமலைக்குத் தெற்கே உள்ள இன்றைய கொடும்பாளூர் என்று ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள்.

ஆக, பாலை ஒரு நிலமல்ல. நிலத்துக்கு நேர்கிற ஒன்று. இதைப் புரிந்துகொள்ள ராஜஸ்தானம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மணற்காடு அல்ல. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர். வற்றாத ஆறு கிடையாது. 5,000க்கு மேற்பட்ட கண்மாய்களை வெட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்த மக்கள். கார்த்திகையில் பச்சையாகப் பார்த்த அதே இடம் சித்திரையில் வேறு நிலமாகியிருக்கும். நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். ஒரு பகல் நடையில் ஒரு குன்றை ஏறி இறங்கிவிடலாம்.

காட்சிக்காக மலையேறுவது என்பதன் தொடக்கமாக, பெட்ரார்க் 1336இல் வெந்தூ மலை ஏறியதை ஐரோப்பியர் சொல்வதுண்டு. சித்தன்னவாசலில் அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏறியிருக்கிறார்கள். காட்சிக்காக அல்ல.

குன்றின் மேற்கிலிருந்து ஏறி, முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்க வேண்டும். காலூன்றப் பாறையில் வெட்டிய ஏழு குழிகளால் அந்த இடத்துக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். இயற்கையான குகைத்தளம் ஒன்று. அதில் தலைமாட்டை உயர்த்தி வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள். பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்து. எருமிநாட்டில் பிறந்த சமணர் ஒருவருக்காகச் செய்து கொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களின் பெயர்களும் அங்கே உண்டு: திருநீலன், திருப்பூரணன். பெயர் மட்டும்தான், வேறெதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை.

அதே குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். அங்கே விதானத்தில் ஒரு குளம். தாமரை, மீன், பறவை, எருமை, யானை. பூப்பறிக்கும் மூன்று பேர். சமண மரபில் நம்பிக்கையுள்ளோர் மலர் பறிக்கும் சமவசரணப் பொய்கை இது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். சரிதான். ஆனால் வெயிலில் நடந்துபோய் அதன் கீழே நிமிர்ந்து நிற்கிறவனுக்கு அந்த விளக்கம் இரண்டாவதாகத்தான் வருகிறது. வறண்ட பாறைக்குள் ஒருவன் தலைக்கு மேல் தண்ணீரை வரைந்திருக்கிறான் என்பதே முதலில் தைக்கிறது.

இந்த ஓவியங்களை முதலில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று எழுதினார்கள். கோயிலுக்கு வெளியே பாறையிலுள்ள கல்வெட்டு, ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் (815–862) காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியன் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அதன்பின் குளம் பல்லவனிடமிருந்து பாண்டியனிடம் போனது. அரசன் மாறினான்; தாகம் மாறவில்லை.

நார்த்தாமலையில் கதை தலைகீழ். வணிக நகரத்தார் வாழ்ந்த ஊர் இது. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். மேலமலைப் பாறையில் வழுக்கி ஏறினால் மேற்கு நோக்கி விசயாலய சோழீச்சுரம். அதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையன். மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதிரையன் புதுப்பித்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. மழைக்கு ஏங்கும் ஊரில் கோயிலை இடித்தது மழை. இங்கே மழை வராதது மட்டுமல்ல துன்பம், வரும்போது ஒரேயடியாக வருவதும்தான்.

ஏறும் வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. அதன் நீருக்கடியில் ஒரு லிங்கம். 1857இல் ராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த ராணி நீரை இறைக்கச் செய்து அதை வழிபட்டதாக அருகே எழுதியிருக்கிறது. மலைமேல் கிடைத்த நீரைத் தெய்வத்தின் மேல் போர்த்தி வைத்திருந்தார்கள். தெய்வத்தைப் பார்க்க வேண்டுமானால் நீரை இழக்க வேண்டும். இதைவிடப் பெரிய படிமத்தை நாம் எழுதிவிடவில்லை.

இவற்றைச் சுற்றுலாவாகப் பார்ப்பதில் எனக்கு விரோதமில்லை. கம்பிவேலியும் சீட்டும் ஓவியத்தைக் காக்கத்தான். ஆனால் அந்த ஓவியம் மங்கிவிட்டது. மாவட்டத்தின் வேறு குன்றுகளோ ஜல்லியாக லாரியில் போகின்றன. பாதுகாப்புப் பலகை ஒரு குகையைக் காக்கும். ஒரு குன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியைக் காக்காது. இங்கே சரித்திரம் இருப்பது அந்த இடைவெளியில். எந்தச் சுனையிலிருந்து எந்தக் கண்மாய் வரை ஒருவன் தண்ணீரில்லாமல் நடக்க முடியும் என்ற கணக்கில்.

கொடும்பையில் பிரிந்த வழிகளில் நடுவழியையே கோவலன் தேர்ந்தான். பின்னொரு நாள் தண்ணீர் தேடித்தான் வழியைவிட்டு விலகினான். அங்கே கானுறை தெய்வம் அவனுக்குத் தெரிந்த ஒருத்தியின் உருவில் வந்து நின்றது. அந்த இடத்தை நாம் மயக்கம், சபலம் என்று படித்துவந்திருக்கிறோம். சித்திரையில் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்தபின் எனக்கு அங்கே தாகம்தான் தெரிகிறது. இனி பாலை என்று எழுதுமுன் ஒரு பகல் அங்கே நடந்துவிட்டு வரலாம்.