பொல்லார்டின் குழந்தைகள்

உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டிடத்தைக் கடக்கும்போது எனக்குச் சில சமயம் நாடக ஞாபகம் வருவதுண்டு. 1910-ல், மெல்போர்னிலிருந்து கிளம்பிவந்த ஒரு இசைநாடகக் கம்பெனியின் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நடிகர்கள் எல்லோரும் சிறுவர் சிறுமியர். மானேஜர் ஆர்தர் பொல்லார்ட். அவர்மீது அடி, அரைப்பட்டினி என்று புகார். இனி இவரோடு போகமாட்டோம் என்று குழந்தைகள் நின்றுவிட்டார்கள். நான் படித்த தமிழ் நாடக சரித்திரங்களில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கதையின் தொடக்கம் டாஸ்மேனியாவில். ஜேம்ஸ் ஜோசப் பொல்லார்ட், லான்செஸ்டன் என்ற ஊரில் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். 1878-ல் லண்டனில் கில்பர்ட், சல்லிவன் இருவரின் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' பெரிய வெற்றி பெற்றது. அடுத்த வருஷமே அங்கு குழந்தைகளை மட்டும் வைத்தும் அதை மேடையேற்றினார்கள். பொல்லார்ட் 1880-ல் தன் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து அதையே போட்டார். 'லில்லிபுட்' கம்பெனி என்று பெயர். குடும்பத்துக்குள் கைமாறிக் கைமாறி முப்பது வருஷம் அந்த வியாபாரம் ஓடியது. சார்லஸ் பொல்லார்ட் அதை வட அமெரிக்கா வரை கொண்டுபோனார். 1909-ல் புறப்பட்ட குழு ஆர்தருடையது.

இந்த மானேஜர்கள் விற்றது சங்கீதத்தை அல்ல, வயதை. எட்டு வயதுப் பையன் கடற்படைத் தளபதியாக வந்து நிற்பதில்தான் வேடிக்கை. சரக்கோ நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருப்பது. குழந்தை வளர்ந்துவிடும், குரல் உடைந்துவிடும். அதனால்தான் அந்த ஓட்டம்: ஊர் ஊராக, துறைமுகம் துறைமுகமாக, சரக்கு கெடுவதற்குள். பெற்றோரோடு ஒப்பந்தம் போட்டால் போதும், பிள்ளை கிடைத்துவிடும். சில குழந்தைகள் தங்கள் பெயரைக்கூட விட்டுவிட்டு முதலாளியின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஹாலிவுட் மௌனப் படங்களில் சிரிக்கவைத்த ஸ்னப் பொல்லார்டின் சொந்தப் பெயர் ஹாரல்ட் ஃப்ரேசர். டாஃப்னி பொல்லார்டும் பிறப்பால் பொல்லார்ட் அல்ல.

சென்னையில் குழு உடைந்தது. குழந்தைகள் ஊர் திரும்பினார்கள். அதே 1910-ல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் குடிபெயர்தல் சட்டம் கொண்டுவந்து, நடிக்கவும் பாடவும் ஒப்பந்தம் செய்து குழந்தைகளை அனுமதியின்றி வெளிநாடு கொண்டுபோவதைத் தடுத்தது. இதைக் கருணை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதே சட்டம் அதே மூச்சில் ஆதிக்குடிகளையும் சேர்த்துக்கொண்டது. குழந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்த கறுப்பு மனிதனை உட்காரவைத்த சட்டம் அது. வெள்ளைக் குழந்தை கறுப்பு ஊரில் திக்கற்று நின்ற அவமானமும் அதன் பின்னால் இருந்தது என்று எனக்குப் படுகிறது. இருந்தாலும் குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள். இரண்டும் உண்மை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷம் கழித்து, 1918-ல், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்களின் ஒழுங்கின்மையில் சலித்துப்போய்ச் சிறுவர்களிடம் வந்தார் என்பது நமக்குச் சொல்லப்பட்டுவரும் காரணம். சிறுவர்கள் பாடம் பண்ணுவார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள். ஆறு வயதில் அங்கு போய்ச் சேர்ந்தவர் டி. கே. சண்முகம். 1972-ல் வந்த அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' நன்றியோடு எழுதப்பட்ட புத்தகம். அந்த நன்றியை நான் சந்தேகிக்கவில்லை. சுவாமிகளை ஆர்தர் பொல்லார்டோடு ஒரே தட்டில் வைப்பதும் என் நோக்கமல்ல. ஒருவர் கவி, மற்றவர் வெறும் மானேஜர். ஆனால் பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கும் மகரக்கட்டு வந்தது. ராஜபார்ட் கைவிட்டுப் போனது. மேடையில் நிலைத்தவர்கள் நினைவுகள் எழுதினார்கள். குரல் போனதோடு ஊர் திரும்பியவர்கள் எழுதவில்லை.

குருகுலம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் இந்தக் கேள்வியை மூடிவிட்டோம். கீழ்ப்படிதலைக் கலையின் முதல் பாடமாகக் கொண்ட நாடகம் எப்படிப்பட்ட நடிகனை உண்டாக்கும், எப்படிப்பட்டவனை உண்டாக்காது? நம் மேடையில் சொந்தமாக யோசித்துப் பேசும் பாத்திரம் அபூர்வமாகவே வந்ததற்கு இங்கும் ஒரு காரணம் இருக்கலாம். குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிரான சட்டம் இந்தியாவில் வந்தது 1933-ல். அந்தச் சிவப்புக் கட்டிடம் அதற்கு வெகு முன்பிருந்தே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. மெல்போர்ன் பிள்ளைகள் அதன் படியேறிப் போனார்கள். நம் பிள்ளைகளுக்கு வழி தெரியவில்லை.